நாய்களின் இரத்தல் நடத்தை

நாய்களின் இரத்தல் நடத்தை என்பது மனிதர் உண்ணும்போதோ சமைக்கும்போதோ வளர்ப்பு நாய் அவர்களை அணுகி, உற்றுப் பார்த்தல், முனகுதல், குரைத்தல், முன்காலால் தொடுதல் முதலிய செயல்களால் உணவு கேட்கும் பழக்கத்தைக் குறிக்கும். விலங்கு நடத்தையியலில் இது பெரும்பாலும் ஒரு கற்ற நடத்தையாகவே கருதப்படுகின்றது. உணவு தேடும் இயல்பும் மனித முகத்தைக் கவனிக்கும் திறனும் இதற்கு அடித்தளமாக உள்ளன. ஆயினும் யாரிடம், எந்த வேளையில், எவ்வாறு கேட்டால் உணவு கிடைக்கும் என்பதை ஒவ்வொரு நாயும் தான் வாழும் வீட்டாரிடமிருந்தே கற்றுக்கொள்கின்றது.

இக்காரணத்தால் இப்பழக்கத்தை நிறுத்துவதற்கான பயிற்சி நாயோடு நின்றுவிடுவதில்லை. வீட்டில் உள்ள அனைவரும் தத்தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டியுள்ளது. உடற்பருமன், நச்சு உணவு ஆகியவற்றால் நாய்க்கு ஏற்படும் கேடுகளைத் தவிர்க்கவும் இப்பயிற்சி உதவுகின்றது.

வரையறையும் அறிகுறிகளும்

இரத்தல் நடத்தை பல வடிவங்களில் காணப்படும். உண்பவரின் அருகே அமைதியாக அமர்ந்து, கண் இமைக்காது அவரது கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பது இதன் மென்மையான வடிவமாகும். முழங்காலின்மேல் தலையை வைத்தல், முன்காலால் சுரண்டுதல், முனகுதல், குரைத்தல், மேசைமேல் முன்கால்களை ஊன்றுதல் என்பன அடுத்தடுத்த நிலைகளாகும். உணவைத் தட்டிலிருந்தோ குழந்தையின் கையிலிருந்தோ பறித்தல் இதனோடு தொடர்புடையதாயினும் தனியே கருதத்தக்கது. பறிக்கும் நாய்க்கு உணவைக் கொடுப்பவர் தேவையில்லை. இரக்கும் நாய்க்குக் கொடுப்பவர் தேவை.

பின்கால்களில் உடலைத் தாங்கி, முன்கால்களை உயர்த்தி அமரும் வேடிக்கைச் செயலும் பல மொழிகளில் இரத்தல் என்றே அழைக்கப்படுகின்றது. அது கட்டளைக்கு ஏற்பச் செய்யப் பயிற்றப்படும் செயலாகும். இக்கட்டுரை உணவு வேளையில் கட்டளையின்றி நிகழும் இரத்தலைப் பற்றியது.

தோற்றம்

பரிணாமப் பின்னணி

நாய் குறைந்தது 14,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதருடன் வாழத் தொடங்கிவிட்டது. மனிதக் குடியிருப்புகளின் அருகே எறியப்பட்ட கழிவுகளை உண்ண வந்த ஓநாய்களுள் மனிதரைக் கண்டு அஞ்சி ஓடாதவை மிகுந்த பயன் பெற்றன என்றும், அவற்றின் வழித்தோன்றல்களே நாய்களாயின என்றும் ரேமண்ட் கோப்பிங்கர், லோர்னா கோப்பிங்கர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். இக்கருதுகோளை அனைத்து ஆய்வாளரும் ஏற்கவில்லை. எனினும் மனிதரின் உணவு நாயின் வரலாற்றில் முக்கிய இடம் பெற்றது என்பதற்கு மரபணுச் சான்று உண்டு. 2013இல் எரிக் ஆக்செல்சனும் அவரது குழுவினரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, மாச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேசு நொதிக்கான மரபணு ஓநாய்களில் 2 படிகளும் நாய்களில் 4 முதல் 30 வரையிலான படிகளும் கொண்டதாக இருந்தது.

மனிதக் கவனத்தை அறிதல்

இரத்தல் பயன் தரவேண்டுமெனில், இரப்பவர் யார் தம்மைக் கவனிக்கிறார் என்பதை அறிந்திருக்கவேண்டும். நாய்கள் இதில் தேர்ந்தவை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

- 2003இல் ஆதாம் மிக்லோசி முதலிய அங்கேரிய ஆய்வாளர்கள், தம்மால் எடுக்கமுடியாத உணவு முன்னே இருக்கும்போது நாய்கள் அருகில் நிற்கும் மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதையும், மனிதரால் வளர்க்கப்பட்ட ஓநாய்கள் அவ்வாறு செய்வது அரிது என்பதையும் கண்டனர்.
- 2004இல் புடாபெசுட்டில் நடந்த மற்றோர் ஆய்வில், உணவு உண்ணும் இருவருள் தம்மை நோக்கியிருப்பவரிடமே நாய்கள் கூடுதலாக இரந்தன.
- 2011இல் மோனிக் உடெல் முதலியோர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், மனிதரிடம் பழகிய ஓநாய்களும் முதுகு காட்டி நிற்பவரைவிடத் தம்மைப் பார்ப்பவரையே நாடின. மனிதக் கவனத்தின் நுண்ணிய குறிப்புகளை அறிவதில் வாழ்க்கை அனுபவத்திற்கும் பங்கு உண்டு என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.
- 2017இல் யூலியானே காமின்சுகி முதலியோர் 24 நாய்களை ஆராய்ந்தனர். மனிதர் தம்மைப் பார்க்கும்போது நாய்களின் முகபாவங்கள் மிகுந்தன. உணவு கண்ணில் படுவது மட்டும் அவ்வாறு மிகுவிக்கவில்லை.

உள்புருவத்தை மேலே உயர்த்தும் தசை நாய்களில் நன்கு வளர்ந்திருப்பதும் ஓநாய்களில் அவ்வாறு இல்லாததும் 2019இல் வெளியான உடற்கூற்று ஆய்வொன்றில் தெரியவந்தது. இத்தசையின் அசைவு நாயின் கண்களைப் பெரிதாகவும் துயருற்றவை போலவும் காட்டுகின்றது. இரக்கும் நாயின் பார்வை மனிதரின் மனத்தை இளக்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அப்பார்வையைக் கண்டு நாய் பசியால் வாடுகின்றது என முடிவு செய்வது பல வேளைகளில் தவறாகிவிடுகின்றது.

பழக்கம் உருவாகும் முறை

செயலும் விளைவும்

இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு கூடுகின்றது என்பது அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் வகுத்த விளைவு விதியின் சாரமாகும். பூனை, நாய் முதலிய விலங்குகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து அவர் நடத்திய ஆய்வுகள் 1898இல் வெளிவந்தன. பி. எஃப். சுகின்னர் இக்கருத்தை 1938இல் வெளியான நூலின் வழி விரிவாக்கினார். ஒரு நடத்தையைத் தொடரச் செய்யும் விளைவு வலுவூட்டல் எனப்படும்.

இரத்தல் நடத்தையில் உணவுத்துண்டே முதன்மையான வலுவூட்டல் ஆகும். பெரும்பாலும் இது திட்டமின்றித் தொடங்குகின்றது. குட்டி நாய் உண்பவரின் காலருகே வருகின்றது. ஒருவர் அன்பினால் சிறு துண்டைக் கொடுக்கிறார் அல்லது குழந்தையின் கையிலிருந்து சோறு சிந்துகின்றது. சில நாட்களில் உணவு வேளையில் அவ்விடத்திற்கு வருவது நாயின் வழக்கமாகிவிடுகின்றது. பார்த்தல், பேசுதல், தடவுதல், சிரித்தல் ஆகியவையும் மனித நாட்டமுள்ள நாய்க்கு வலுவூட்டலாக அமையக்கூடும். உரத்த குரலில் கண்டிப்பதுகூட, தன்னை எவரும் கவனியாதிருப்பதைவிட மேலானதாகச் சில நாய்களுக்குத் தோன்றலாம்.

இடையிட்ட வலுவூட்டல்

ஒவ்வொரு முறையும் கிடைக்கும் வலுவூட்டலைவிட, எப்போது கிடைக்கும் எனத் தெரியாதவாறு இடையிடையே கிடைக்கும் வலுவூட்டல் நடத்தையை நீண்ட காலம் நிலைக்கச் செய்கின்றது. சார்லசு பெர்சுட்டரும் சுகின்னரும் 1957இல் வெளியிட்ட நூல் இவ்வகை வலுவூட்டல் அட்டவணைகளை விரிவாக ஆராய்ந்தது. சூதாட்டத்தை விட்டு விலகுவது கடினமாயிருப்பதற்கும் இதே காரணம் கூறப்படுவதுண்டு.

இரத்தலை நிறுத்த விரும்பும் பல குடும்பங்கள் தோல்வியுறுவது இவ்விடத்திலேயே ஆகும். ஆறு நாட்கள் மறுத்துவிட்டு ஏழாம் நாள் இரக்கப்பட்டு ஒரு துண்டு கொடுத்தால், ஆறு நாட்கள் காத்திருந்தால் உணவு கிடைக்கும் என்பதையே நாய் கற்கின்றது. முன்பு ஒரு நாளில் கைவிட்டிருக்கக்கூடிய முயற்சியை அது பின்னர் பல நாட்கள் தொடரும். எனவே எப்போதாவது கொடுப்பது, நாள்தோறும் கொடுப்பதைவிடச் சிறிய தவறாகத் தோன்றினும், பழக்கத்தை அசைக்கமுடியாததாக்குவதில் அதனை விஞ்சிவிடுகின்றது.

முன்குறிப்புகள்

செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற உருசிய உடலியலாளர் இவான் பாவ்லொவ், உணவோடு தொடர்ந்து இணைக்கப்பட்ட ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். வீட்டில் தட்டின் ஓசை, குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஒலி, நாற்காலியை இழுக்கும் ஒலி, இலையோ பாயோ விரிக்கப்படும் காட்சி முதலியன இவ்வாறே உணவின் முன்குறிப்புகளாகிவிடுகின்றன. இக்குறிப்புகளைக் கேட்டு ஓடிவரும் நாய் வேண்டுமென்றே தொல்லை தருவதாகக் கொள்வது பொருந்தாது. முன்குறிப்பு தூண்டும் எதிர்பார்ப்பு அதன் உடலிலேயே எழுகின்றது.

மரபணு, நோய் ஆகியவற்றின் பங்கு

எல்லா இரத்தலும் பழக்கத்தால் மட்டும் விளைவதன்று. லாப்ரடார் இன நாய்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றில், பசியைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள ஒரு மரபணுவின் சிறு பகுதி அற்றிருப்பதை 2016இல் எலினர் ராஃபான் தலைமையிலான கேம்பிரிட்ச் பல்கலைக்கழகக் குழு கண்டறிந்தது. இம்மாற்றம் கொண்ட நாய்கள் கூடுதல் எடை உடையனவாகவும் உணவை மிகுதியாக இரப்பனவாகவும் இருந்தன. 2024இல் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்நாய்கள் இரு உணவு வேளைகளுக்கு இடையே கூடுதல் பசி கொள்கின்றன என்றும், ஓய்வின்போது ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவான ஆற்றலையே செலவிடுகின்றன என்றும் தெரிவித்தனர். இத்தகைய நாயை அடக்கமற்றது என்றோ, அதனை வளர்ப்பவரைக் கவனமற்றவர் என்றோ குறைகூறுவது முறையன்று. பயிற்சி இந்நாய்களுக்கும் பயன் தரும். ஆனால் கூடுதல் காலமும் உணவுத் திட்டமும் தேவைப்படும்.

முன்னர் இரவாத நாய் திடீரென இரக்கத் தொடங்கினால் பின்வரும் காரணங்கள் உள்ளனவா எனக் கால்நடை மருத்துவரைக் கொண்டு அறிதல் வேண்டும்:

- நீரிழிவு நோய்
- அண்ணீரகச் சுரப்பியின் மிகைச் செயற்பாடு (குசிங் நோய்)
- கணைய நொதிக் குறைபாடு
- குடற்புழுக்கள்
- இசுடீராய்டு மருந்துகள், வலிப்புக்கான பீனோபார்பிட்டால் முதலிய மருந்துகளால் ஏற்படும் மிகுபசி
- போதாத அல்லது சமச்சீரற்ற உணவு

உடல்நலக் கேடுகள்

உடற்பருமன்

சிறு துண்டுகளாகக் கொடுக்கப்படும் உணவு கணக்கில் வருவதில்லை. நாளொன்றுக்குத் தேவையான ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் இடைத்தீனியாக அமையக்கூடாது என்பது கால்நடை ஊட்டவியலில் பரவலாகக் கூறப்படும் வரம்பாகும். 10 கிலோகிராம் எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி தேவைப்படும். அதில் 10 விழுக்காடு 60 கிலோகலோரி மட்டுமே. எண்ணெய் விட்டுச் சுட்ட ஒரு தோசை இவ்வரம்பை எளிதில் கடந்துவிடும். நால்வர் உள்ள வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் அறியாமல் சிறிது கொடுத்தால் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது.

48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. உடன்பிறந்த இணை உண்டதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13.0 ஆண்டுகளாகவும், மற்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகளாகவும் இருந்தன. மூட்டு நோயும் குறைவாக உண்ட நாய்களில் பிந்தியே தோன்றியது. அன்பின் அடையாளமாகக் கொடுக்கப்படும் மிகையுணவு நாயின் ஆயுளைக் குறைக்கக்கூடும் என்பதற்கு இது வலுவான சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

தீங்கு தரும் உணவுகள்

மனிதருக்கு ஏற்ற பல உணவுகள் நாய்க்கு நஞ்சாகின்றன. அவற்றுள் முக்கியமானவை:

- வெங்காயம், பூண்டு: இவை சிவப்பணுக்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்கும். உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் நாயின் குருதியில் குறிப்பிடத்தக்க மாற்றங்களை ஏற்படுத்தக்கூடும். சமைப்பதால் இந்நச்சுத்தன்மை நீங்குவதில்லை. சாம்பார், குழம்பு, குருமா முதலியவற்றில் பிசைந்த சோற்றைக் கொடுக்கலாகாது என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.
- திராட்சை, உலர்திராட்சை: சிறுநீரகச் செயலிழப்பை ஏற்படுத்தக்கூடும். இவற்றிலுள்ள தார்த்தாரிக் அமிலமே காரணமாகலாம் என்னும் கருத்து 2021இல் முன்வைக்கப்பட்டது. புளியை உண்ட நாய்களிலும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2022இல் வெளியான மருத்துவக் கட்டுரை பதிவு செய்தது. புளி மிகுதியாகப் பயன்படும் சமையலில் இது கருத்திற்கொள்ளத்தக்கது.
- சாக்கலேட்டு: இதிலுள்ள தியோபுரோமின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். கரிய நிறச் சாக்கலேட்டில் இப்பொருள் கூடுதலாக உள்ளது.
- சைலிட்டால்: சர்க்கரையற்ற மெல்லும் கோந்து, சிலவகை இனிப்புகள் ஆகியவற்றில் சேர்க்கப்படும் இப்பொருள் குருதிச் சர்க்கரையை விரைவாகக் குறைக்கும், கல்லீரலையும் பாதிக்கும்.
- சமைத்த எலும்புகள்: வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டை, குடல் ஆகியவற்றைக் கிழிக்கக்கூடும்.
- கொழுப்பு மிகுந்த உணவு: வறுத்த இறைச்சி, இறைச்சிக் கொழுப்பு முதலியன கணைய அழற்சியைத் தூண்டக்கூடும்.

பழக்கத்தை நிறுத்தும் முறை

முன்னேற்பாடு

பயிற்சியைத் தொடங்குமுன் வீட்டில் உள்ளவர்கள் ஒரே விதியை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். உண்ணும் இடத்திலிருந்து எவரும் எக்காரணத்திற்காகவும் நாய்க்கு உணவு கொடுப்பதில்லை என்பதே அவ்விதி. நாய்க்குரிய உணவு அளவு, வயது, எடை ஆகியவற்றுக்கு ஏற்றதா எனச் சரிபார்க்கப்படவேண்டும். வீட்டார் உண்பதற்குச் சற்று முன்னர் நாய்க்கு அதன் உணவைக் கொடுத்தல் பயிற்சியை எளிதாக்கும்.

பயிற்சி முற்றுப்பெறும் வரையில் தவறுக்கு இடமளிக்காத ஏற்பாடும் தேவை. உணவு வேளையில் நாயை வேறு அறையில் விடுதல், குறுக்குத் தடுப்பு வைத்தல், கழுத்துப்பட்டையைச் சற்றுத் தொலைவில் கட்டிவைத்தல் என்பன வழக்கமான முறைகளாகும். உள்ளே உணவு அடைக்கத்தக்க ரப்பர் பொம்மையை அவ்வேளையில் கொடுத்தால், நாய் அதனை நக்கியும் கடித்தும் தன்னை ஈடுபடுத்திக்கொள்ளும்.

வலுவூட்டலை நிறுத்தல்

ஒரு நடத்தைக்குக் கிடைத்துவந்த வலுவூட்டல் முற்றிலும் நின்றுவிடும்போது அந்நடத்தை படிப்படியாகக் குறைவது அணைதல் எனப்படும். இரக்கும் நாய்க்கு உணவு மட்டுமன்றிப் பார்வை, பேச்சு, தொடுதல் ஆகியவையும் கொடுக்கப்படாதிருத்தல் வேண்டும். கீழே சிந்தும் உணவும் வலுவூட்டலாகும் என்பதால், குழந்தைகள் உண்ணும் வேளையில் நாயைத் தொலைவில் வைப்பது நன்று.

வலுவூட்டல் நின்ற முதல் நாட்களில் இரத்தல் குறைவதற்குப் பதிலாக மிகுவதுண்டு. முன்பு முனகிய நாய் குரைக்கும். முன்பு குரைத்த நாய் மேசையைச் சுரண்டும். அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரிவதை ஒத்த இந்நிலை பயிற்சி பயனளிக்கத் தொடங்கியதற்கான அறிகுறியாகும். பலர் இதனை முறை தோற்றுவிட்டதன் அடையாளமெனக் கருதி இவ்வேளையில் விட்டுக்கொடுத்துவிடுகின்றனர். அவ்வாறு கொடுக்கப்படும் ஒரு துண்டு, உரக்கக் குரைத்தால் உணவு கிடைக்கும் என்னும் புதிய பாடத்தையும் நாய்க்குக் கற்பித்துவிடுகின்றது.

மாற்று நடத்தையைப் பயிற்றல்

வலுவூட்டலை நிறுத்துவது மட்டும் நாய்க்கு என்ன செய்யவேண்டும் என்பதைக் கூறுவதில்லை. ஆகவே இரத்தலுடன் ஒருங்கே செய்யமுடியாத வேறொரு செயலைக் கற்பித்து, அதற்கு வெகுமதி அளிப்பது சிறந்த முறையாகக் கொள்ளப்படுகின்றது. தன் பாயில் படுத்திருக்கும் நாய் அதே வேளையில் மேசையருகே நின்று இரக்க இயலாது. பாயில் அமர்த்தும் பயிற்சியின் படிநிலைகள் வருமாறு:

1. உணவு வேளையல்லாத அமைதியான நேரத்தில் ஒரு பாயோ மடித்த துணியோ தரையில் விரிக்கப்படும். நாய் அதனைப் பார்த்தாலோ அதன்மேல் கால் வைத்தாலோ பாயின்மேல் ஒரு சிறு தீனித்துண்டு வைக்கப்படும்.
2. நாய் தானாகவே பாயில் ஏறத் தொடங்கியதும், "பாய்" அல்லது "இடம்" போன்ற ஒரு சொல் அச்செயலுடன் இணைக்கப்படும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே பயன்படுத்தவேண்டும்.
3. நாய் பாயில் படுத்தபின் 5 நொடி, 10 நொடி, 30 நொடி எனக் காத்திருக்கும் காலம் கூட்டப்படும். வெகுமதி எப்போதும் பாயின்மேலேயே கொடுக்கப்படும்.
4. பயிற்சி முடிந்ததைத் தெரிவிக்க வேறொரு சொல் கற்பிக்கப்படும். அச்சொல்லைக் கேட்கும் வரையில் பாயிலேயே இருக்க நாய் கற்கும்.
5. காலம், தொலைவு, கவனச்சிதறல் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றாகவே கடினமாக்கப்படும். ஒன்றைக் கூட்டும்போது மற்றவை எளிதாக்கப்படும்.
6. வெறும் தட்டுடன் ஒருவர் அமர்தல், பின்னர் சிறிதளவு உணவுடன் அமர்தல், பின்னர் முழு உணவு வேளை என உண்மைச் சூழல் படிப்படியாகக் கொண்டுவரப்படும்.
7. நாய் நன்கு பழகியபின் வெகுமதிகளின் இடைவெளி நீட்டப்பட்டு, உணவு முடிந்தபின் ஒருமுறை மட்டும் பாயில் வெகுமதி வழங்கப்படும்.

நாய் இடையில் எழுந்து வந்தால் கண்டிக்காமல் மீண்டும் பாய்க்கு அழைத்துச் செல்லவேண்டும். அடிக்கடி எழுந்து வருவது, அப்படி அதற்குக் கடினம் என்பதையே காட்டும். முந்தைய படிக்குத் திரும்புதல் தக்கது. வெகுமதிக்கான தீனி நாயின் அன்றாட உணவளவிலிருந்தே எடுக்கப்படின் எடை கூடாது. ஒரு பயிற்சி வேளை 5 நிமிடங்களுக்குள் அமைவது நன்று.

பழக்கம் மீளல்

அணைந்த நடத்தை சில காலம் கழித்துத் தானாகவே மீண்டும் தலைகாட்டுவதைப் பாவ்லொவ் தம் நாய்களில் கண்டார். இரத்தலும் இவ்வாறே வாரங்கள் கழித்து மீளக்கூடும். விருந்தினர் வருகை, திருவிழாச் சமையல், வீடு மாறுதல் ஆகிய வேளைகளில் இது மிகுதியாக நிகழும். அப்போதும் உணவு கொடுக்கப்படாவிடில், மீண்ட பழக்கம் முன்னைவிட விரைவாக மறையும்.

தண்டனை பற்றிய கருத்துகள்

அடித்தல், கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்தல், அச்சுறுத்திக் கத்துதல் ஆகியவற்றால் இரத்தலை நிறுத்த முயல்வோர் உளர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தவர்கள் அல்லது உதைத்தவர்களுள் 43 விழுக்காட்டினரும், வாயிலிருந்து பொருளை வலிந்து பிடுங்கியவர்களுள் 39 விழுக்காட்டினரும் அதற்கு எதிர்வினையாக நாயின் சினத்தைச் சந்தித்ததாகத் தெரிவித்தனர். உணவருகே அச்சுறுத்தப்படும் நாய் உணவைக் காக்கும் பொருட்டு உறுமவும் கடிக்கவும் தலைப்படலாம். இது குழந்தைகள் உள்ள வீட்டில் பேரிடராக முடியக்கூடும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கழகம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், எல்லா நாய்ப் பயிற்சிக்கும் வெகுமதி சார்ந்த முறைகளையே பரிந்துரைத்தது.

உணவுக்கு அருகில் யாரேனும் வரும்போது உடல் விறைத்து உறுமும் நாய்க்கு, மேற்கூறிய பயிற்சியை வீட்டார் தாமே தொடங்காமல் தேர்ந்த பயிற்சியாளரையோ கால்நடை மருத்துவரையோ நாடவேண்டும்.

வீட்டாரின் பங்கு

ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் விதியை மீறினாலும் நாய் அவரை எளிதில் அடையாளங்கண்டு அவரிடம் மட்டும் இரக்கும். குழந்தைகள் விரும்பாத உணவை மேசைக்கடியில் கொடுத்துவிடுவதும், முதியோர் உடனிருந்து உண்ணும் உயிருக்குக் கொடாமல் தாம் மட்டும் உண்ண மனமில்லாமல் இருப்பதும் இயல்பானவை. உண்ணுமுன் காக்கைக்குச் சோறு வைக்கும் மரபில் வந்தோருக்கு, பார்த்து நிற்கும் நாயைப் புறக்கணித்தல் மனக்குறையைத் தருவதில் வியப்பில்லை. இத்தகையோரிடம் கொடுக்கவே கூடாது எனக் கூறுவதைவிட, கொடுக்கும் முறையை மாற்றச் சொல்வது பயன் தரும். நாய்க்கு ஏற்ற உணவின் ஒரு பகுதியைத் தனியே எடுத்துவைத்து, வீட்டார் உண்டு முடித்தபின் நாயின் கிண்ணத்தில் அவர்களே இடலாம். கொடுக்கும் மனநிறைவும் கெடுவதில்லை, இரத்தலும் வலுப்பெறுவதில்லை.

விருந்தினருக்கு விதியை முன்னரே தெரிவித்தல் வேண்டும். அது இயலாதபோது நாயை வேறு அறையில் விடுவது எளிய வழியாகும்.

மாறுபட்ட கருத்துகள்

மனித உணவைக் கொடுப்பதே இரத்தலுக்குக் காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆனால் கற்றல் கோட்பாட்டின்படி, கொடுக்கப்படும் உணவின் வகையைவிட, அது எங்கே, எப்போது, எந்தச் செயலுக்குப் பின் கொடுக்கப்படுகின்றது என்பதே முதன்மையானது. வெந்த கேரட்டு, உப்பிடாத சோறு, எலும்பு நீக்கிய வெறும் கோழி இறைச்சி ஆகியவற்றை நாயின் கிண்ணத்தில் இடுவதால் மேசையருகே இரக்கும் பழக்கம் உண்டாவதில்லை. விலை உயர்ந்த நாய்த்தீனியையே மேசையிலிருந்து கொடுத்தாலும் அப்பழக்கம் உண்டாகும்.

அமைதியாக அருகில் அமர்ந்திருக்கும் நாயால் தீங்கில்லை எனச் சிலர் கருதுகின்றனர். எவ்வளவு இரத்தல் ஏற்கத்தக்கது என்பது அந்தந்த வீட்டாரின் விருப்பத்தைப் பொறுத்தது. எனினும் வீட்டாருள் ஒருவர் ஏற்பதையே மற்றொருவர் தண்டிக்கும் நிலை நாயைக் குழப்பத்திற்கும் அச்சத்திற்கும் உள்ளாக்கும்.

தெருநாய்களும் இரத்தலும்

வீட்டு நாயின் இரத்தலும் தெருநாயின் இரத்தலும் தோற்றத்தில் ஒத்தனவாயினும் தன்மையில் வேறானவை. வேளைதோறும் உணவு பெறும் வீட்டு நாய்க்கு இரத்தல் கூடுதல் வருவாய்; தெருநாய்க்கு அது குப்பை கிளறுதலைப் போன்று வாழும் வழிகளுள் ஒன்று. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் இந்தியத் தெருநாய்களை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அக்குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், எப்பயிற்சியும் பெறாத தெருநாய்களுள் ஆய்வாளரை அணுகியவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு, கையால் சுட்டிக்காட்டப்பட்ட கிண்ணத்தையே நாடின. அறிமுகமற்ற மனிதருடன் மீண்டும் மீண்டும் பழகும் சூழலில், உணவைவிடத் தடவிக்கொடுத்தலே தெருநாய்களின் நம்பிக்கையை வளர்த்தது என்பது அக்குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வு முடிவாகும்.

தெருவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட நாய்க்கு, அடுத்த வேளை உணவு உறுதி என்பதை நம்பவே சில வாரங்கள் தேவைப்படலாம். அத்தகைய நாய்க்கு முதலில் நேரந்தவறாத உணவு அளித்து, அதன் பின்னரே பாய்ப் பயிற்சியைத் தொடங்குதல் பொருத்தமானது. குறித்த வேளையில் தன் கிண்ணம் நிறையும் என அறிந்த நாய்க்கு, பிறர் தட்டைப் பார்த்து நிற்கும் தேவை குறைந்துவிடுகின்றது.

இவற்றையும் பார்க்க

- நாய்
- வலுவூட்டல்
- விளைவு விதி
- இவான் பாவ்லொவ்
- பி. எஃப். சுகின்னர்
- விலங்கு நடத்தையியல்